கழற்றி வைத்த கூரை

கல்யாணமான புதிதில் டோரீனுக்கு அவள் கணவர் வில்ஃப் போட்ட ஒரே நிபந்தனை, வெளியூர் போனால் ஒரு பெட்டிதான். அவருடைய சிவப்புக் காரில் இரண்டே இருக்கைகள். துணிக்கூரையை மடித்தால் பின்னால் இருந்த கொஞ்ச இடமும் போய்விடும். தேனிலவுக்கு விட்பி கடற்கரைக்குப் போன வாரம் முழுக்க ஒரே பாவாடையோடு சுற்றினாள். அதில் அவளுக்குக் குறை இருந்ததில்லை. மேட்டுவெளியில் தலைக்கு மேல் வானம் மட்டுமாகக் காரில் போனதைத்தான், பள்ளிச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்த வருஷங்களில் எல்லாம் நினைத்துக்கொண்டாள்.

குளிர்காலத்துக்கு, துணிக்கூரைக்கு மேல் பொருத்தும் கெட்டிக்கூரை. ஒழுகாது, காற்று இரையாது. ஆனால் தூக்க இரண்டு ஆள் வேண்டும். கழற்றினால் வீட்டில்தான் கிடக்கும். ஏப்ரல் முதல் ஞாயிறு, வானம் எப்படி இருந்தாலும், அதைக் கழற்றிவிட வேண்டும். திறந்த கார் வைத்திருந்த எல்லாருக்கும் அவர்கள் ஊரில் அதுதான் வழக்கம்.

இந்த வருஷம் வில்ஃப், வயதான காலத்தில், நிமோனியாவில் கிடந்து எழுந்தவர். ஈரக்காற்று ஆகாது என்றிருந்தார் டாக்டர். ஸ்கிப்டனில் நிரந்தரக் கூரை போட்ட கார் ஒன்று விலைக்கு வந்திருந்ததை டோரீன் பார்த்து வைத்திருந்தாள்.

"தகர டப்பாவுக்குள்ள உக்காரச் சொல்றியா?" என்றார் வில்ஃப், ஏப்ரல் முதல் ஞாயிறன்று கெட்டிக்கூரையைக் கழற்றிக்கொண்டே.

"சவப்பொட்டிக்குள்ள படுக்க வேணாம்னு சொல்றேன்."

கூரையின் மறுபக்கத்தைப் பிடித்த பக்கத்து வீட்டு பெர்சி, "நடுக்கூரைய மட்டும் பலகை மாதிரி கழட்டுற கார் இருக்கே?" என்றார்.

"பலகைய டிக்கியில வெச்சா, சாப்பாட்டுக் கூடைய இவ மடியில வெச்சுக்கணும். மழை வந்தா துணி இருக்கு, விடு."

திறந்த காரில் இருவரும் கிளம்பினார்கள். மேட்டுவெளியின் உச்சியில் மழை பிடித்தது. வண்டியை நிறுத்தித் துணிக்கூரையை இருவருமாக இழுத்தார்கள். முன்கண்ணாடியின் கொக்கிக்கு இரண்டு விரற்கடை எட்டவில்லை. குளிர்காலம் முழுக்க மடித்தே கிடந்து சுருங்கியிருந்தது.

"துணிய விரிச்சு மாட்டிட்டுத்தானே மேல கெட்டிக்கூரைய வெக்கணும்?" என்றாள் டோரீன்.

"ஆமா."

"அப்படி வெச்சியா?"

வில்ஃப் இருமினார்.

"நகரு," என்றாள். தன் கோட்டை அவர் மேல் போட்டுவிட்டு ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தாள். வேகமாகப் போனால் மழை முன்கண்ணாடிக்கு மேலே பறந்துவிடும்; நின்றால் உள்ளே விழும்.

"கிழவி, மெதுவா!"

"மெதுவாப் போனா நனைவ, கிழவா!"

அவர் சிரித்தார். விட்பி சாலையில் சிரித்த அதே சிரிப்பு. அது இருமலாகி, நிற்காமல் போனது.

அடிவாரப் பாலத்தில் ஆட்டு மந்தை வழியை அடைத்திருந்தது. வண்டி நின்றது, மழை உள்ளே கொட்டியது. மேய்ப்பன் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னானே தவிர அவசரப்படவில்லை. அவள் கைக்கடியில் வில்ஃபின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"அந்த ஸ்கிப்டன் கார்ல," என்றார் மூச்சு வாங்கி, "ஜன்னல் கண்ணாடியாவது முழுசா எறங்குமா?"

"எறங்கும் கண்ணு."

"நாளைக்கு போன் பண்ணு."

கோட்டை இழுத்து அவர் முகத்தின் மேல் பிடித்தாள். அவர் அதை வானம் தெரிகிற அளவுக்குக் கொஞ்சம் விலக்கிக்கொண்டார்.