அந்த வெப்சைட்டை யார் செய்தது?

"நீச்சல் தெரியாதவங்க நீச்சல் சொல்லித் தரலாமா டீச்சர்?" என்று என் வகுப்பில் ஒருத்தி முன்பு கேட்டாள். இன்று மயிலாடுதுறையில் அது நினைவுக்கு வந்தது.

கணவருக்கு துபாய் வேலை போனதிலிருந்து, வெப்சைட் செய்யக் கற்றுச் சம்பாதிக்க நினைக்கிறார் பக்கத்து வீட்டு மும்தாஜ். பயிற்சி மையத்தில் பணம் கட்ட என்னையும் துணைக்கு அழைத்துப் போனார்.

"ஒரே மாசம்தாங்க. சர்டிபிகேட் கேரண்டி" என்றார் அங்கிருந்தவர்.

"பரீட்சை?" என்றேன்.

"அதையெல்லாம் நாங்க பாத்துக்குறோம் டீச்சர்."

எனக்கு உறுத்தியது. மேசைக் கணினியில் அவர்கள் வெப்சைட் திறந்திருந்தது. "உங்க சென்டர் வெப்சைட் அழகா இருக்கே. இங்க படிச்சவங்க செஞ்சதா?"

"இல்லீங்க, அது வெளியில குடுத்து செஞ்சது."

மும்தாஜ் கைப்பையை மூடினார். "அப்ப அந்த வெளி ஆளோட நம்பர் குடுங்க, அவருகிட்டயே படிச்சுக்கிறேன்."

நீங்களும் எங்காவது சேருமுன், அங்கே படித்த ஒருவர் செய்த வெப்சைட்டை உங்கள் போனில் திறந்து பாருங்கள்.