கம்பியில் போட்ட இரண்டு காணி

விருத்தாசலம் வேர்க்கடலை மண்டியில் பச்சமுத்து இருபது வருஷம் தரகு பார்த்தார், அதுவும் வாயைத் திறக்காமல். விற்கிறவன் கையையும் வாங்குகிறவன் கையையும் தோள்துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வது அங்கே வழக்கம். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு ரூபாய், கை முழுவதையும் பிடித்தால் ஐந்து, அதற்குமேல் விட்டுப் பிடிக்கும் விரல்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும். சுற்றி நூறு பேர் நின்றாலும் ஒருவனுக்கும் தெரியாது. அப்படிப் பிழைத்த மனுஷன், ஊரார் வாய்விட்டுப் பேசுவதற்கு ஒரு கம்பெனி வைக்க இரண்டு காணி நிலத்தை விற்றார் என்றால் என்னத்தைச் சொல்ல!

ஆசை காட்டியவன் தங்கராசு. பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். அறுபத்தாறில் ஒரு நாள் டீக்கடையில் அவரைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, மண்டி மதிலுக்குள்ள பன்னெண்டு கடை இருக்குது, லாரி ஆபீசு இருக்குது. எல்லாத்துக்கும் ஒரே கம்பி இழுத்துப் பேசற கருவி வெச்சிடலாம். நீங்க பணத்தப் போடுங்க, நான் ஒழைப்பப் போடறேன். வர்றதுல பாதிக்குப் பாதி."

"ஓடலன்னா?"

"ஓடலன்னா உங்களுக்குப் பணம் போச்சு, எனக்கு ஒழைப்பு போச்சு. ஒருத்தருக்கொருத்தர் கேக்கக் கூடாது."

இந்த நேர்மைதான் அவரைக் கவிழ்த்தது. கருவேப்பிலங்குறிச்சியில் இருந்த இரண்டு காணியில் ஒன்றை விற்றுக் கொடுத்தார். ஊர்ச் செராமிக் தொழிற்பேட்டையிலிருந்து பீங்கான் குமிழ்கள் வந்தன. கம்பத்துக்குக் கம்பம் அவற்றில் கம்பியைச் சுற்றி, பழைய பட்டாளத்துக் கருவிகளைக் கடைக்கொன்றாக வைத்தான் தங்கராசு.

ஒரே கம்பி என்பதால் ஒருவன் பேசுவது அத்தனை கடைக்கும் கேட்டது. எந்த வியாபாரி அதில் விலையைச் சொல்வான்? கருவியில் டீ சொன்னார்கள், சுமைக்கு ஆள் கூப்பிட்டார்கள். விலை என்று வந்தால் வெயிலில் நடந்துபோய்த் துண்டைப் போட்டார்கள். டீ சொல்வதற்கு எவன் மாத வாடகை கொடுப்பான்? அத்தனை வருஷம் துண்டுக்குள் கை வைத்திருந்தவருக்கு இது முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை.

மூன்று வருஷம் இழுத்தடித்ததில் பச்சமுத்து ஓய்ந்து போனார். விட்டுத் தொலைக்கவும் மனம் வரவில்லை, விட்டால் முதல் காணி வீணாகிவிடும். இரண்டாவது காணியும் போயிற்று. இப்போது கடைக்கு ஒரு தனிக்கம்பி. எல்லாம் ஒரு பலகையில் வந்து சேரும், அங்கே உட்கார்ந்திருப்பவர் கேட்ட கடைக்கு இணைப்புக் கொடுப்பார்.

மண்டியிலேயே பெரிய வியாபாரி கலியமூர்த்தி அதற்கும் தலையை ஆட்டவில்லை.

"பலகையில உக்கார்றவன் காதுல வுழுமேய்யா. தங்கராசு எவனுக்குச் சொல்லுவானோ யாரு கண்டா? நீயே உக்காரு பச்சமுத்து. நீ ஒரு வெலையும் வெளிய வுட்டதில்ல. ஆனா தரகு பண்ணக் கூடாது, சொல்லிப்புட்டேன்."

வேறு வழி? இருபது வருஷத் தரகை விட்டுவிட்டுப் பச்சமுத்து பலகைக்கு முன்னால் உட்கார்ந்தார். கலியமூர்த்தியையும் சேர்த்து மூன்று கடைகளும் லாரி ஆபீசும் இணைப்பு வாங்கின. மற்றவர்கள் "பாப்பம், பாப்பம்" என்றே மூன்று வருஷத்தை ஓட்டினார்கள். காலையிலிருந்து மாலைவரை காதில் கருவியை மாட்டி மாட்டி அவருக்குக் காது மடல் புண்ணாகிவிட்டது, இடுப்பும் விட்டுப்போனது. முதல் போட்டவன் முதலாளி என்பார்கள். இவர் கூலிகூட இல்லாத வேலையாள்.

எழுபத்திரண்டு சித்திரையில் அவர் மனைவி அம்சவல்லி பதினோரு மூட்டை வேர்க்கடலையோடு மண்டிக்கு வந்தாள். அவளுக்கு அண்ணன் கொடுத்த அரைக்காணி ஒன்றுதான் வீட்டில் மிச்சம். அதில் கிணறு வற்றிக் கிடந்தது. இந்த மூட்டைகளை விற்றுத்தான் ஆழப்படுத்த வேண்டும்.

"ஏங்க, மல்லாட்டய இன்னிக்கே போட்டுடவா? நாளைக்கு வரைக்கும் வெச்சிருக்கவா?"

அன்று காலைதான் லாரி ஆபீசிலிருந்து கலியமூர்த்திக்குச் சேதி போனது. நாளை எண்ணெய் ஆலைக்காரர்கள் வருகிறார்கள், மூட்டைக்கு ஏழு ரூபாய் ஏறும். இணைப்புக் கொடுத்தவரே பச்சமுத்துதான். சொல்ல வாய்கூட வேண்டாம், தலையை லேசாக அசைத்தால் போதும். எதிர்க்கடையில் கலியமூர்த்தி கல்லாவை விட்டு எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் இஷ்டம்" என்றார் பச்சமுத்து.

"அப்ப வித்துடறேன். வண்டிக்காரனுக்கு இன்னொரு நாள் கூலி யாரு குடுக்கறது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் விலை ஏழு ரூபாய் ஏறியது. மண்டி முழுக்க அதே பேச்சு. "கட்டுன பொண்டாட்டிக்கே சொல்லலய்யா இந்த ஆளு!" என்று கலியமூர்த்தி கடை கடையாகச் சொல்லிச் சிரித்தார். பொழுது உச்சிக்கு வருவதற்குள் மிச்சமிருந்த ஒன்பது கடைகளும் இணைப்புக் கேட்டுவிட்டன. தங்கராசு ஓடிவந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, பொழைச்சிட்டோம்! ஆறு வருசம் கழிச்சுப் பொழைச்சிட்டோம்ண்ணே!"

பச்சமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. தூங்கினால் தேவலை என்றிருந்தது.

மத்தியானம் அம்சவல்லி வழக்கம்போல் சோறு கொண்டுவந்தாள். தூக்கை வைத்துவிட்டு அவர் தோளில் கிடந்த துண்டை உருவினாள். அவர் வலது கைமேல் போட்டு மூடி, தன் கையையும் உள்ளே விட்டாள். முதலில் கை முழுவதையும் பிடித்து அழுத்தினாள். விட்டுவிட்டு, இரண்டு விரலை மட்டும் பிடித்தாள்.

அவள் கை காய்த்துப்போய்ச் சொரசொரவென்று இருந்தது. அவர் தன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பலகையில் மணி அடித்தது. அவள் துண்டை மடித்து அவர் தோளிலேயே போட்டுவிட்டு வெயிலில் இறங்கி நடந்தாள். அவள் மதிலைத் தாண்டும்வரை பச்சமுத்து பார்த்துக்கொண்டே இருந்தார். மணி நிற்கவில்லை. கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு, "சொல்லுங்க, எந்தக் கடைக்கு?" என்றார்.