சத்தம் கொடுக்காதவன்

சீசன் முடிந்த பிறகு குற்றாலத்தில் மலையேற எந்தப் பாதை நல்லது என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. நான் ஒரே பதில்தான் சொல்வேன். ஐப்பசியில், காலை வெயிலில், பேரருவிப் பக்கமாக ஏறி செண்பகாதேவி அருவி வரை போங்கள். காலில் பலம் இருந்தால் தேனருவி வரை போங்கள். மத்தியானத்துக்குள் இறங்கிவிடுங்கள். அதற்கு மேல் இடி, மழை. ஆறு சொல்லாமல் வரும்.

அந்தப் பாதையில்தான் என் வலது கால் முறிந்தது. அதனால்தான் என் தங்கை பிழைத்தாள்.

நான் டோலி தூக்கினவன். வெள்ளைக்காரன் ஆட்சி. நடக்க முடியாத பெரிய மனிதர்கள் மலை பார்க்க வருவார்கள். அவர்களை நாங்கள் தூக்கிப் போவோம். ஒரு மூங்கில். அதில் கயிறு கட்டித் தொங்கும் நாற்காலி. முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன். தோள் மாற்ற இரண்டு பேர் பின்னாலேயே வருவார்கள்.

பின்னால் தூக்குகிறவனுக்குப் பாதை தெரியாது. நாற்காலியின் முதுகுதான் தெரியும். அதனால் முன்னால் போகிறவன் சத்தம் கொடுப்பான். கல் வந்தால் ‘கல்லு’. பள்ளம் வந்தால் ‘குழி’. பாசிப் பாறை வந்தால் ‘வழுக்கு’. பின்னால் வருகிறவன் ‘ஆமா’ என்பான். அந்த ஆமா காதில் விழாமல் முன்னால் போகிறவன் அடுத்த அடி வைக்கக் கூடாது. மலையில் எங்களுக்கு வேறு சட்டம் கிடையாது.

மூங்கில் ஒரு பக்கம் சாயாமல் இருக்க ஒரே உயரமுள்ள இரண்டு பேரை ஜோடி சேர்ப்பார்கள். என் ஜோடி என் தங்கை புருஷன்.

அந்த வருஷம் புரட்டாசியில் அவன் என் தங்கையின் கையை உலக்கையால் அடித்து ஒடித்தான். சோறு குழைந்துவிட்டதாம். அவள் தென்காசியில் இருந்த எங்கள் வீட்டுக்கு நடந்தே வந்தாள். ஒடிந்த கையை மற்றக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அழவில்லை. செங்கோட்டையிலிருந்து வைத்தியர் வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கட்டும்போது அவள் பல்லைக் கடித்த கடியில் உதடு கிழிந்தது.

நான் அவனைத் தேடிப் போனேன். கள்ளுக்கடை முன்னால் நின்றான். கையில் இருந்த மூங்கில் துண்டால் மண்டையில் போட்டேன். அவன் விழவில்லை. என்மேல் பாய்ந்து இடது காதைக் கடித்தான். பிடித்து இழுத்தபோது காதின் கீழ்ப்பகுதி அவன் வாயோடு போய்விட்டது. அதைத் துப்பிவிட்டு, “உன் தங்கச்சி கையி ஒண்ணுதாம்லே போச்சு. அடுத்தது கழுத்து” என்றான்.

சொந்தக்காரர்கள் கூடிப் பேசினார்கள். எங்கள் டோலிக்காரர்களில் மூத்தவர் ஒருவர் உண்டு. எல்லோரும் அவரை அண்ணாச்சி என்போம். அவர்தான் முடிவு சொன்னார்.

“புருசன் பொண்டாட்டின்னா அடி விழத்தான் செய்யும். கை கூடட்டும். தீவாளி கழிஞ்சு அனுப்பிரு. அவன் வந்து கூட்டிட்டுப் போவான்.”

“அனுப்பினா கொன்னுருவான், அண்ணாச்சி” என்றேன்.

“அதெல்லாம் குடும்பத்து விசயம். நாம எத்தன வீட்டுக்குள்ள தலைய விடுதது?”

எல்லோரும் தலையாட்டினார்கள். எதிர்த்துப் பேசினால் தண்ணீர் எடுக்கும் இடத்திலும் ஒதுக்கிவிடுவார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். தங்கை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, “அனுப்பு அண்ணே. ஆனா என்னைய ஆத்துலருந்து பொணமாத்தான் எடுப்ப” என்றாள்.

அன்றிலிருந்து எனக்கும் அவனுக்கும் பேச்சு இல்லை. ஆனாலும் ஜோடி மாறவில்லை. வேறு ஆள் அந்த உயரத்தில் கிடையாது. கல்லு, ஆமா, குழி, ஆமா. நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு மிராசுதார் வந்தார். கனத்த உடம்பு. முட்டி வலி. தேனருவியைப் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டேன் என்று பிடிவாதம். நான், அவன், அண்ணாச்சி, பக்கத்து ஊரான இலஞ்சிக்காரன் ஒருவன், நாலு பேரும் கிளம்பினோம். இலஞ்சிக்காரன் வாய் ஓயாதவன்.

செண்பகாதேவி வரை நான் முன்னால். மழை பெய்து வெளுத்த காலை. இலையெல்லாம் கழுவி வைத்தது போல. அட்டை காலில் ஏறிக்கொண்டே இருந்தது. கரும்பட்டாம்பூச்சிகள் ஆயிரக்கணக்கில் பாதையைக் கடந்து போயின. ஐப்பசியில் அப்படித்தான் போகும். கீழே ஆற்றின் இரைச்சல்.

“என்ன அழகுடே! நீங்கள்லாம் குடுத்து வச்சவங்க” என்றார் மிராசுதார்.

“ஆமாய்யா. குடுத்து வச்சிருக்கோம். தோள்ல ரெண்டு எடத்துல புண்ணா வச்சிருக்கோம்” என்றான் இலஞ்சிக்காரன். அவர் சிரித்தார். நாற்காலி ஆடியது.

“ஐயா, சிரிக்காதிய. பாரம் கூடுதுல்லா” என்றார் அண்ணாச்சி.

நான் ஒவ்வொரு கல்லையும் சொன்னேன். ஒரு வளைவில் பாதைக்கு இடப்பக்கம் நேர்ப் பள்ளம். அடியில் பாறை. அங்கே ஒரு சத்தத்தை விழுங்கினால் போதும். அவன் தலை பாறையில் உடைவது என் கண்ணுக்குத் தெரிந்தது. மூளை தெறிப்பதும் தெரிந்தது. “குழி, இடது கை” என்று சொன்னேன். “ஆமா” என்றான். நடந்தோம்.

“கல்லு, ஆமா, கல்லு, ஆமான்னு மச்சானும் மச்சானும் கொஞ்சிக்கிட்டே போறிய. கல்யாணம் ஆன புதுசுல கூட நாங்க இப்படிப் பேசல” என்றான் இலஞ்சிக்காரன். யாரும் சிரிக்கவில்லை.

செண்பகாதேவி அம்மன் கோயிலில் இறக்கி வைத்துக் கஞ்சி குடித்தோம். அங்கிருந்து அவன் முன்னால். நான் பின்னால். அதுவும் முறைதான். பாதி வழிக்கு மேல் இடம் மாற வேண்டும்.

கோயிலுக்கு மேலே பாதை குறுகும். காடு நெருக்கும். ஏற்றத்தில் பாரம் முழுவதும் பின்னால் இருப்பவன் தோளில் இறங்கும். மிராசுதாரின் முதுகு என் முகத்தில் இடித்தது. அவன் சத்தம் கொடுத்துக்கொண்டு வந்தான். கல்லு. வேரு. குழி. நான் ஆமா ஆமா என்றேன். ஓடையைக் கடக்கும் இடத்தில் ஒரு பாறை சரிந்து கிடக்கும். ஐப்பசி மழையில் அதன்மேல் பாசி பிடித்திருக்கும். டோலிக்காரன் எவனும் அதைச் சொல்லாமல் தாண்டினதில்லை.

அவன் சொல்லாமல் தாண்டினான்.

என் கால் போனது. பாரத்தோடு விழுந்தேன். வலது கால் இரண்டு பாறைக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. உடம்பு ஒரு பக்கம் போனது, கால் வரவில்லை. காய்ந்த விறகு முறிகிற சத்தம். எலும்பு வெள்ளையாக வெளியே வந்ததைப் பார்த்தேன். மூங்கில் என் நெஞ்சில் விழுந்து உருண்டது. மிராசுதார் நாற்காலியோடு சரிந்து ஒரு வேரில் முட்டி நின்றார். அந்த வேர் இல்லையென்றால் ஓடையோடு அருவிக்குப் போயிருப்பார். அவர் நெற்றி பிளந்து ரத்தம் கண்ணை மூடியது.

அவன் முன்னால் நின்று திரும்பிப் பார்த்தான். உதவிக்கு வரவில்லை. சும்மா பார்த்தான்.

இலஞ்சிக்காரன் ஓடிப்போய் மிராசுதாரைப் பிடித்தான். அண்ணாச்சி என் காலைப் பாறையிலிருந்து உருவினார். எனக்குக் கண் இருண்டு தெளிந்தது. மிராசுதார்தான் முதலில் வாய் திறந்தார்.

“இவ்வளவு தூரம் கல்லுன்னான், குழின்னான். இங்கன ஏன்டே வாயத் தெறக்கல?”

அண்ணாச்சி நிமிர்ந்தார். “ஏலே. சத்தம் குடுத்தியா?”

“குடுத்தேன். தண்ணி எரைச்சல்ல கேக்கல.”

“சரி. இவன் ஆமான்னானா?”

அவன் ஓடையைப் பார்த்தான்.

“ஆமா கேக்காம எப்படிலே அடுத்த அடி வச்ச?”

அவன் ஒரு அடி பின்னால் போனான். அண்ணாச்சி மூங்கிலை எடுத்தார். வயதான மனிதர். முதல் அடி முட்டியில். அவன் மண்டியிட்டான். இரண்டாவது தோளில், டோலி தூக்கும் தோளில். தோள் இறங்கிப்போனது தெரிந்தது. இலஞ்சிக்காரன் மிராசுதாரை மரத்தில் சாய்த்துவிட்டு வந்தான். வாய் ஓயாதவன் ஒரு வார்த்தை பேசவில்லை. மண்டியிட்டிருந்தவன் தலைமுடியைப் பிடித்து முகத்தைப் பாறையில் தேய்த்தான். அதே பாறையில். பாசி சிவந்தது. பல் இரண்டு விழுந்ததைப் பார்த்தேன்.

“அண்ணாச்சி, என் பொண்டாட்டிய அனுப்பாம வீட்டுல வச்சுக்கிட்டு அவன்தான்...” என்று அவன் குழறினான்.

“பொண்டாட்டி கதைய இங்கன பேசாத. நாளைக்கு நான் உனக்குப் பின்னால தூக்குவேன். என் மவன் தூக்குவான். எங்களையும் இப்படித்தான கொல்லுவ?” மறுபடி அடித்தார். “இனிமே இந்த மலையில உன் தோள் படப்படாது. தென்காசியில உன்னப் பாத்தேன்னா காலையும் எடுத்துருவேன்.”

நான் முறிந்த காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போதும் என்று சொல்லவில்லை. இன்னும் அடி என்றும் சொல்லவில்லை.

அவன் தவழ்ந்து காட்டுக்குள் போனான். ஆரியங்காவு வழியாக மலையாளத்துப் பக்கம் போய்விட்டான் என்று பிறகு சொன்னார்கள். திரும்பி வரவில்லை.

என்னை அதே நாற்காலியில் வைத்து அண்ணாச்சியும் இலஞ்சிக்காரனும் தூக்கினார்கள். மிராசுதார் துண்டால் தலையைக் கட்டிக்கொண்டு நடந்தே இறங்கினார். முட்டி வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பாதி வழியில் மழை பிடித்தது. வழி முழுக்க அண்ணாச்சி சத்தம் கொடுத்தார். கல்லு. வழுக்கு. குழி. 

என் காலைக் கட்டவும் அதே செங்கோட்டை வைத்தியர்தான் வந்தார். வீட்டில் இப்போது இரண்டு மூங்கில் பத்தை.

தீபாவளி கழிந்து அண்ணாச்சி வந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்றே பேசினார்.

“எல்லாரும் பேசிட்டோம். பிள்ளைய அனுப்ப வேண்டாம். அவன் திரும்பி வந்தாலும் அனுப்ப வேண்டாம். சத்தம் குடுக்காதவன் வீட்டுக்கு நம்ம பிள்ள போவப்படாது.”

தங்கை இடது கையால் ஊதுகுழலைப் பிடித்து அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். எழுந்து வந்தாள். கட்டுப் போட்ட கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இது ஒடிஞ்ச அன்னைக்கு நானும் சத்தம் போட்டேன், அண்ணாச்சி. தெரு முழுக்க கேட்டுது. ஒருத்தரும் ஆமான்னு சொல்லலியே?”

அண்ணாச்சி அந்தக் கையைப் பார்த்தார். தண்ணீர் கேட்டார். அவள் கொண்டுவந்து கொடுத்தாள். நின்றபடியே குடித்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

அவள் திரும்பிப் போய் அடுப்பை ஊதினாள். அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.