பெஞ்சில் இருக்கிறேன்

சிரிக்கவே கூடாத இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். சர்ச்சில். அதுவும் பாஸ்டர் கண்ணை மூடி ஜெபிக்கும்போது!

திருமுல்கேரியில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சபையில், வாசலை ஒட்டி ஒரு மரப்பெட்டி உண்டு. ஜெப விண்ணப்பப் பெட்டி. யாருக்கு என்ன கவலையோ, சீட்டில் எழுதிப் போடலாம். ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் ஒவ்வொன்றாகப் படித்து ஜெபிப்பார். சர்க்கரை, முழங்கால் வலி, மகளுக்கு வரன், மருமகனுக்கு விசா… எங்கள் சபையின் கவலைகள் எனக்கு மனப்பாடம்.

ஒன்றரை மாதம் முன்பு ஒரு ஞாயிறு. பாஸ்டர் ஒரு சீட்டைப் பிரித்தார். 'இரண்டு மாதமாக பெஞ்சில் இருக்கிறேன். ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. ஜெபிக்கவும்.' பெயர் இல்லை.

பாஸ்டர் ஒரு விநாடி திகைத்தார். பிறகு, பாவம், சமாளித்தார். "ஆண்டவரே, இந்த ஆலயத்தின் பெஞ்சுகளில் அமர்ந்திருக்கிற உம்முடைய பிள்ளைகளுக்கு நல்ல சரீர சுகத்தைத் தாரும்…"

நான் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டேன். யாருக்கோ முதுகுவலி போல, அதற்கு இவ்வளவு சோகமா! பின்வரிசையில் நாலைந்து பேர் சட்டென்று தலையைக் குனிந்தார்கள். அவர்களும் சிரிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

செயலாளர் ஞானமுத்து அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. காரியத்தில் இறங்கிவிட்டார். மறுநாளே ஆசாரியைக் கூட்டி வந்து, ஆடுகிற பெஞ்சுக்கெல்லாம் ஆப்பு வைத்து, ஆணி அடித்து, பின்வரிசைக்குக் குஷன் வேறு போட்டார். அடுத்த ஞாயிறு மைக்கைப் பிடித்தார்.

"பெஞ்சு சரியில்லன்னு போன வாரம் ஒருத்தர் சீட்டு போட்டிருந்தீங்க. கர்த்தர் கிருபையால எல்லாம் சரி பண்ணியாச்சு. இனிமே தைரியமா சாஞ்சு உக்காருங்க!"

சபை கைதட்டியது. நானும்தான்.

அண்ணாச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. திருநெல்வேலிக்காரர். காஞ்சன்பாக்கில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவர். கேட் பாஸ் இல்லாமல் ஈ, எறும்பு நுழைய முடியாத இடம். ரிட்டயர் ஆனதும் அந்தப் பழக்கத்தை அப்படியே சர்ச்சுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆராதனை முடிந்த அரை மணியில் கதவுக்கு ஒரு பூட்டு, கேட்டுக்கு ஒரு பூட்டு. சாவி அவர் இடுப்பில். அடுத்த ஞாயிறு வரை, ஆண்டவரே வந்தாலும் அண்ணாச்சிக்குப் போன் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

கைதட்டிய அவசரத்தில் நான் என் படிக்கும் கண்ணாடியை பெஞ்சிலேயே விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு, லோத்குண்டாவிலிருந்து ஆட்டோ பிடித்துப் போனேன். கேட்டில் பூட்டு. அண்ணாச்சி போனை எடுக்கவில்லை. திட்டிக்கொண்டே திரும்பினால்… எதிரே பஸ் ஸ்டாப்பில் எட்வின்.

எட்வின் எங்கள் பாடகர் குழுவில் பாடுபவன். நாற்பது வயது. ஹைடெக் சிட்டியில் சாஃப்ட்வேர் வேலை. மனைவி ஷோபா ஸ்கூல் டீச்சர். இரண்டு பிள்ளைகள். இஸ்திரி போட்ட சட்டை, லேப்டாப் பை, டிபன் பை என்று ஆபீஸ் கோலத்தில் உட்கார்ந்திருந்தான்.

"என்னப்பா, லீவா?"

"ஹவ்க்கா… லீவுதான்." இந்த ஊர் உருது எங்கள் தமிழில் ஒட்டிக்கொண்டுவிட்டது; 'ஹவ்' என்றால் ஆமாம்.

லீவு நாளில் எவனாவது ஷூ மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் உட்காருவானா? நான் விடுவேனா! பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மூன்று பஸ் வந்து போயிற்று. எதிலும் அவன் ஏறவில்லை. நான்காவது பஸ் போனதும் சொன்னான். "அந்தச் சீட்டு நான் எழுதினதுக்கா."

"எந்தச் சீட்டு?"

"பெஞ்ச்."

எனக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது. "ஏன்டா, குஷன் போட்டாச்சே?"

அவன் சிரிக்கவில்லை. "அது வேற பெஞ்ச்க்கா. எங்க ஆபீஸ்ல ப்ராஜெக்ட் இல்லாம சும்மா உக்கார வெச்சா, பெஞ்ச்ல இருக்கான்னு சொல்லுவாங்க. ரெண்டு மாசம், மூணு மாசம் பாப்பாங்க. அப்புறம் லெட்டர். எனக்கு லெட்டர் குடுத்து ஒரு வாரம் ஆச்சு."

ஐயோ! கைதட்டினேனே பாவி!

"ஷோபாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. கைக்கு, எதுக்கு அவளுக்கும் டென்ஷன்? காலையில டிபன் கட்டிக் குடுக்கிறா, எடுத்துட்டுக் கிளம்பிடறேன். பார்க்குல உக்காந்தா வாட்ச்மேன் முறைக்கிறான். மெட்ரோ ஸ்டேஷன்ல ரொம்ப நேரம் நின்னா கேள்வி கேக்கிறாங்க. இங்க வந்தா கோயிலையாவது பாத்துட்டு இருக்கலாம். உள்ள போய் உக்காரலாம்னுதான் முதல் நாள் வந்தேன்…"

கேட்டைப் பார்த்தான். நானும் பார்த்தேன். கேட்டுக்கு மேலே பெரிய எழுத்தில் வசனம்: 'வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே, நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள்.' அதற்கு நேர் கீழே ஏழு லீவர் பூட்டு.

எனக்கு வந்ததே கோபம்! யார் மேல்? அண்ணாச்சி மேல், பாஸ்டர் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக என் மேல். இந்த ஊரில் இன்று எந்த வீட்டில் பயம் இல்லை? வேலை பயம், விசா பயம், வீட்டுக் கடன் பயம். பயம் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத்தான் வரும் என்று எந்த மடையன் சொன்னான்? அது செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு, டிபன் பையோடு வந்து நிற்கிறது. நாம் பூட்டிவிட்டுப் போய்விடுகிறோம்.

பெயரைச் சொல்லமாட்டேன் என்று எட்வினுக்கு வாக்குக் கொடுத்தேன். ஆனால் இந்தக் கதவைத் திறக்காமல் விடுவதில்லை என்று எனக்கு நானே இன்னொரு வாக்கும் கொடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் கமிட்டிக் கூட்டம். எழுந்தேன். "திங்கள் முதல் சனி வரை, காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை ஆலயம் திறந்திருக்க வேண்டும்."

அண்ணாச்சி கையை ஆட்டினார். "நக்கோம்மா, நக்கோ! வேண்டாம்! என்னத்துக்குத் திறக்கணும்ங்கேன்? மைக் செட் இருக்கு, கீபோர்டு இருக்கு. கண்டவனும் உள்ள வந்தா யாரு பொறுப்பு?"

"நான் பொறுப்பு. வாசலில் நானே உட்காருகிறேன். பத்திரிகைக்கு எழுதும் கட்டுரையை அங்கேயே எழுதிக்கொள்கிறேன்."

"சும்மா இருக்க இடத்தை எதுக்கும்மா தெறந்து போடணும்?"

"சும்மா இருப்பவர்களுக்காகத்தான், அண்ணாச்சி. அந்தச் சீட்டில் இருந்தது நம்ம மர பெஞ்ச் இல்லை. ஐ.டி. கம்பெனியில் பெஞ்சில் இருக்கிறேன் என்றால், வேலை போகப் போகிறது, பயமாக இருக்கிறது என்று அர்த்தம். நம்மில் ஒருவர் அழுதிருக்கிறார். நாம் குஷன் போட்டுவிட்டுக் கைதட்டியிருக்கிறோம்."

பாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணாச்சியிடமிருந்து பெரிய பதிலை எதிர்பார்த்து நான் இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டேன். ஆனால் மனிதரின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"என்ன சொல்லுதீங்க? பெஞ்சுன்னா… அதுவா?"

"அதுதான்."

"எம் மவ ஜெனி போன மாசம் பெங்களூர்லேந்து போன் பண்ணினா. 'அப்பா, நான் பெஞ்சுல இருக்கேன்'னா. நான்… 'நல்லா சாஞ்சு உக்காரும்மா, முதுகு வலிக்கப்போவுது'ன்னு சொல்லி வச்சிட்டேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி எழுந்து வராந்தாவுக்குப் போனார். ஜன்னல் வழியாக அவர் குரல் கேட்டது. "ஏ ஜெனி… அப்பா தப்பா வெளங்கிக்கிட்டேம்மா… இல்லம்மா, நீ அழாத… எல்லாத்தையும் சொல்லு, அப்பா கேக்கேன்." பத்து நிமிஷம் பேசியிருப்பார். கமிட்டி மொத்தமும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது. எங்கள் கமிட்டி சரித்திரத்தில் இது முதல் தடவை!

திரும்பி வந்தவர், இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேஜையில் வைத்தார். "நாளையிலேந்தே திறப்போம். வாசல்ல நான் இருக்கேன். நீங்க கட்டுரை எழுதுங்க."

திறந்துவிட்டோம். பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. மின்விசிறி, குடிதண்ணீர், பாஸ்டர் வீட்டு வைஃபை, பிளாஸ்க்கில் டீ. ஒரே ஒரு விதி… யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது. குறிப்பாக நான். முதல் நாள் எட்வின் மட்டும் வந்தான். மூன்றாம் நாள், அன்றைக்குப் பின்வரிசையில் தலைகுனிந்த அந்த நாலைந்து பேரில் மூவர் லேப்டாப்போடு வந்தார்கள். அவர்கள் அன்று சிரிக்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருவருடைய வேலை விண்ணப்பத்தை இன்னொருவர் திருத்துகிறார், மாதிரி இன்டர்வியூ நடத்துகிறார்கள். வெயில் தாங்காமல் தண்ணீர் கேட்டு வந்த ஆட்டோக்காரர் ஒருவர் கால் மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டுப் போனார். அண்ணாச்சி அவரிடம் கேட் பாஸ் கேட்கவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை எட்வின் ஷோபாவை அழைத்து வந்தான். வீட்டில் பிள்ளைகள் முன்னால் சொல்ல முடியாது, இங்கே வைத்துச் சொல்லிவிடுகிறேன் என்றான். இருவரும் உள்ளே பின் பெஞ்சில். நானும் அண்ணாச்சியும் வாசலில். ஒரு மணி நேரம்! அண்ணாச்சி நாலு டீ குடித்துவிட்டார். ஷோபா கண் சிவக்க வெளியே வந்தாள்.

"எனக்கு முன்னாடியே தெரியும்க்கா. தினமும் ஷூ பூரா மண்ணு. ஏசி ஆபீஸ்ல மண்ணு ஏது? அவரா சொல்லட்டும்னு இருந்தேன்."

இத்தனை நாளும் இரண்டு பேர் ஒரே பயத்தைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள், ஒரே வீட்டுக்குள். இனி சேர்ந்து சுமப்பார்கள். எட்வினுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. கிடைத்துவிட்டது என்று முடித்தால் உங்களுக்கும் நன்றாக இருக்கும், எனக்கும் நன்றாக இருக்கும்… ஆனால் பொய். கிடைக்கும் வரை கதவு திறந்திருக்கும். கிடைத்த பிறகும் திறந்திருக்கும். இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "ஹவ்க்கா, பேர் போட்டே எழுதுங்க" என்றான்.

போன ஞாயிறு பாஸ்டர் ஒரு சீட்டைப் பிரித்தார். 'வேலை போய்விட்டது. தேடிக்கொண்டிருக்கிறோம். ஜெபிக்கவும்.' கீழே இரண்டு பெயர்கள். எட்வின், ஷோபா.

சபையே எழுந்து நின்று ஜெபித்தது. நான் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அண்ணாச்சி மெல்லக் குனிந்து என் காதில் சொன்னார்.

"பயப்படாதீங்கம்மா… இந்தத் தடவை ஆசாரியைக் கூப்பிட மாட்டேன்!"