பெற்சீற் கட்டிய குதிரை

அன்னலட்சுமிக்குக் கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும், கை பேசும். உப்புவெளிக் கடற்கரை விடுதியின் பின்பக்கத்துத் துவைகல்லில் துணி வெளுக்கிற அவள், கட்டிலில் விரிக்கிற பெற்சீற்றை அடிக்கிற அடியைக் கேட்டே, குசினியில் சமைக்கிற அசனா அன்றைய நிலவரத்தைச் சொல்லிவிடுவாள்.

அந்தக் கார்த்திகை மாதம் முழுக்க அடி ஒரே ஆளுக்குத்தான் விழுந்தது. விடுதி முதலாளி ஞானசேகரத்துக்கு.

போன வருடம் சித்திரையில் அவர் நுவரெலியாவிலிருந்து லொறியில் ஒரு குதிரைக்குட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். இரண்டு வயதுப் பெட்டை. வந்து தங்குகிறவர்களின் பிள்ளைகளை ஏற்றிக் கடற்கரையில் நடத்தலாம் என்பது அவருடைய எண்ணம். நிறத்தைப் பார்த்து ஒரு பிள்ளை வைத்த பெயர், பிஸ்கட். கூட வந்த குதிரைக்காரன் ஒரு மாதத்தில் ஊருக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு யார் பார்ப்பது என்ற கதை வந்தபோது முதலாளி அன்னலட்சுமியைப் பார்த்தார்.

“உம்மட வீட்டில மாடு நிண்டதுதானே. நீர் பாரும்.”

மாடும் குதிரையும் ஒன்றா என்று கேட்க அவளுக்கு நாக்கு வரை வந்தது. “ஓம் சேர்” என்றுதான் வெளியில் வந்தது.

ஆனால் பார்த்தாள். அன்புவழிபுரத்திலிருந்து காலையில் சைக்கிளில் வந்து இறங்கினால் துணிக்கு முதல் குதிரையிடம்தான் போவாள். பிஸ்கட்டுக்கு அவளுடைய சைக்கிள் மணி தெரியும். கோடையில் கடல் தகடு போலக் கிடக்கிற நாட்களில் அதைக் கழுத்தளவுத் தண்ணீரில் இறக்கிக் குளிப்பாட்டுவாள். நாற்பத்து மூன்று வயதில் ஒரு விளையாட்டுக் கிடைத்தது போல இருந்தது அவளுக்கு.

மாரி மழை தொடங்கியதும் தோலில் கடி தொடங்கியது, பொறுக்க ஏலாத அரிப்பு. பிஸ்கட் வேலியில் கழுத்தைத் தேய்த்தது, தென்னையில் பின்பக்கத்தைத் தேய்த்தது. பிடரி மயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. வாலின் அடி எலி கடித்த கயிறு போலானது. மாசியில் தானாகவே ஆறி, மயிர் முளைத்தது. எல்லோரும் மறந்தார்கள். இந்த வருட மாரியில் மறுபடி வந்தது, இரண்டு மடங்காக. வயிற்றின் நடுக்கோடு முழுக்கப் புண். தேய்த்துத் தேய்த்து இரத்தம் வரும். ஈ மொய்க்கும். மறுபடி தேய்க்கும்.

மிருக வைத்தியர் றிஸ்கான் கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மூன்று தரம் வந்தார். சின்ன வயது, நேர்மையான பிள்ளை. “அக்கா, நான் மாடு ஆயிரம் பார்த்திருக்கன். குதிரை எண்டால் இது ஒண்டுதான்” என்று சொல்லியே சொறிக்கு ஊசி போட்டார். பிறகு பூஞ்சணத்துக்குப் பூச்சு மருந்து கொடுத்தார். இரண்டுக்கும் அசையவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அன்னலட்சுமி லீவில் நின்றபோது, சொறிநாய்க்குப் பூசுவது போல, வாகனத்திலிருந்து வடித்த கழிவு ஒயிலை முதலாளி பிஸ்கட்டின் முதுகு முழுக்கப் பூசிவிட்டார். சனிக்கிழமை வெயிலில் தோல் வெந்து கொப்புளித்தது. வந்து பார்த்தவள் சவர்க்காரம் போட்டுக் கழுவக் கழுவ, குட்டி நடுங்கிக்கொண்டு நின்றது.

“வாகனம் திருத்திற கறாச்சில எல்லாரும் பூசச் சொன்னவங்கள்” என்றார் அவர்.

அவள் துவைகல்லுக்குப் போனாள். அன்று இரண்டு பெற்சீற் கிழிந்தது.

அதைவிட அவளைச் சுட்டது அடுத்தது. குதிரையைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கட்டச் சொன்னார். “ஆக்கள் பார்த்தால் அறை எடுக்கமாட்டினம். கண்ணில படாமல் வையும்.”

கண்ணில் படாமல் வைப்பது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு, எட்டு வயதில், அகதி முகாமில் இருந்து பள்ளிக்கூடம் போனாள். முகாமில் எல்லோருக்கும் சிரங்கு. அவளுக்கு விரலிடுக்கு, முழங்கை, கழுத்து எல்லாம். ரீச்சர் அவளை வகுப்புக்கு வெளியே பூவரச மரத்துக்குக் கீழே இருத்தினார். மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டிவிடுமாம். நான்கு நாள் மரத்தடியில் இருந்து சொறிந்தாள். ஐந்தாம் நாள் போகவில்லை. அதற்குப் பிறகு போகவே இல்லை. அம்மாதான் தினமும் கடலில் முக்கி முக்கி எடுத்து ஆற்றினாள். சிரங்கு ஆறியது.

அதனால்தான் பிஸ்கட்டுக்கும் உப்புத் தண்ணீரே மருந்து என்று அவள் முடிவுகட்டியிருந்தாள். மாரியில் கடல் பொங்கும், இறங்க ஏலாது. ஆகவே விடுதிக்குப் பின்னால் உப்புத் தண்ணீர் தேங்கிக் கிடந்த களப்புக்குக் கொண்டுபோனாள். துணியெல்லாம் முடித்து, பொழுதுபடுகிற நேரம், கண்டல் மரங்களுக்கு இடையில் அரை மணித்தியாலம் நிறுத்தி ஊற்றுவாள். ஒரு நாளும் தவறவிட்டதில்லை. கடி கூடினால் இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்துவாள்.

கார்த்திகை கடைசியில் முதலாளி கூப்பிட்டார். “புதன்கிழமை டொக்டரை வரச் சொல்லியிருக்கிறன். ஊசியைப் போட்டு முடிச்சு விடுவம். அதுக்கும் கரைச்சல், எங்களுக்கும் கரைச்சல்.”

“ஆறும் சேர்” என்றாள். அது அவளுக்கே கேட்கவில்லை.

அன்றிரவே காய்ச்சல் பிடித்தது. நான்கு நாள் எழும்பவில்லை. செவ்வாய்க்கிழமை தலைசுற்றலோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். குட்டி எலும்பும் தோலுமாகக் கிடக்கும் என்று நினைத்து வந்தவளுக்குப் பார்த்ததை நம்ப முடியவில்லை. பிஸ்கட் குசினிக்குப் பின்னால் நின்று புல் தின்றது. புண்கள் காய்ந்து பொருக்குக் கட்டியிருந்தன. புதிதாக ஒரு காயம் இல்லை.

“ஆர் இங்க கட்டினது?”

“நான்தான்” என்றாள் அசனா. “தொட்டிக்குப் பின்னால நிண்டு கத்திச்சுது. இரக்கமாயிருந்திச்சு. குளிப்பாட்ட எல்லாம் எனக்குப் பயம் அக்கா, உதைச்சுப் போடும். சும்மா கட்டிப் போட்டன். பின்னேரம் நான் தென்னந்தும்பு கொளுத்திற புகைதான் அதுக்குச் சாம்பிராணி.”

நான் இல்லாவிட்டால்தான் இது சுகமாக இருக்கிறதா? முதலில் அந்த எண்ணம்தான் வந்து குத்தியது. மத்தியானம் வரை அதையே நினைத்துக்கொண்டு துணி அடித்தாள். பின்னேரம் குதிரையை விட்டுவிட்டுத் தனியாகக் களப்புக்குப் போய், வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றாள். சட்டைக் கையை மடித்து விட்டாள். காற்று அடங்கியது. கொஞ்ச நேரத்தில் கையில் எள்ளுக் கொட்டினது போலக் கறுப்புப் புள்ளிகள். நுளம்பைவிடச் சின்னக் கொசு. சத்தம் இல்லை. கடித்த பிறகுதான் தெரிந்தது.

ஒவ்வொரு நாளும் பொழுதுபட அந்தக் கொசுவுக்கு நடுவில் குட்டியைக் கொண்டுபோய்க் கட்டியது யார்? கடி கூடினால் இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தியது யார்?

திரும்பி வந்து, காய்ந்த துணியையே எடுத்துத் துவைகல்லில் அடித்தாள்.

“இப்ப ஆருக்கு அக்கா?” என்று அசனா கேட்டாள்.

“எனக்கு.”

புதன்கிழமை பத்து மணிக்கு வைத்தியர் வந்தார். முதலாளியும் பக்கத்தில் நின்றார். அன்னலட்சுமி படித்தவர்களுக்கு முன்னால் நிமிர்ந்து பேசியவள் இல்லை. சட்டைக் கையை மடித்துத் தடித்துப்போயிருந்த கையை நீட்டினாள்.

“தம்பி, இது நேற்றுக் களப்பில கடிச்சது. எனக்கு இவ்வளவெண்டால் அதுக்கு எவ்வளவு? மாரியில வருது, கோடையில போகுது. நாலு நாள் களப்புக்குப் போகேல்ல, புகைக்குள்ள நிண்டது, காய்ஞ்சிட்டுது. ஊசி போடுறதெண்டால் இதுக்கு மறுமொழி சொல்லிப்போட்டுப் போடுங்கோ.”

ஒரே மூச்சில் அவ்வளவும் வந்துவிட்டது. வைத்தியர் கொண்டுவந்த பெட்டியைத் திறக்கவில்லை. பேராதனையில் தனக்குப் படிப்பித்த ஒருவருக்குப் போன் எடுத்து, நீண்ட நேரம் கதைத்து, தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார்.

“சரிதான் அக்கா. அந்தக் கொசுக் கடிக்கு இதின்ர உடம்பு ஒத்துக்கொள்ளுதில்ல. வேற குதிரைக்கு ஒண்டும் செய்யாதாம். இதை மாத்த ஏலாது, ஒவ்வொரு மாரிக்கும் வரும். கடிக்க விடாமல் பார்த்தால் ஆறுமாம். இதை நான் முதலே கேட்டிருக்க வேணும்.”

“ஒரு மாசம் பார்ப்பம்” என்றார் ஞானசேகரம், தானே கண்டுபிடித்தவர் போல. “அதுக்குள்ள ஆறாட்டில் ஊசிதான்.”

அந்த ஒரு மாதத்தை அன்னலட்சுமி கையில் பிடித்துக்கொண்டாள். கழித்துப்போட்ட பெற்சீற் நான்கை மூட்டி, வயிறும் மூடுகிற மாதிரி ஒரு சட்டை தைத்தாள். கழுத்துக்கு நுளம்பு வலையை மூன்று மடிப்பாக மடித்துத் தைத்தாள். ரோசாப்பூப் போட்ட பெற்சீற்.

“குதிரைக்கு எப்பக்கா கலியாணம்? மாப்பிள்ளை ஆர்?” என்று அசனா விழுந்து விழுந்து சிரித்தாள்.

“சிரிக்கிற நேரத்துக்கு ரெண்டு கொத்து வேப்பிலை ஒடிச்சுக்கொண்டு வா.”

பின்னேரம் நாலு மணிக்கு முதல் குதிரை குசினிப் பக்கம் வந்துவிடும். சாணவரட்டியும் பச்சை வேப்பிலையும் புகையும். களப்புக் குளிப்பு நின்றது. மத்தியான வெயிலில் கிணற்றுத் தண்ணீரில் கழுவினாள். பிஸ்கட் முதல் வாரம் இரண்டு தரம் சட்டையைக் கிழித்தது. இரண்டு தரமும் தைத்தாள். மூன்றாம் வாரம் பிடரியில் தடவினால் குறுமயிர் கையில் குத்தியது. வைத்தியர் வந்து பார்த்து, முதலாளியிடம் ஊசிக் கதையை எடுக்க வேண்டாம் என்று சொன்னார். போகும்போது அன்னலட்சுமி அவரைக் கேற்றில் மறித்தாள்.

“வாயால சொன்னது காணாது தம்பி. கடதாசியில எழுதித் தாங்கோ.”

மார்கழி விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாலை ஐந்து மணிக்கு ஞானசேகரம் தகப்பனையும் மகளையும் கூட்டிக்கொண்டு குசினிப் பக்கம் வந்தார்.

“அன்னம், அந்தப் பெற்சீற்றைக் கழட்டும். பிள்ளை கடற்கரையில ஒரு சுத்துப் போகப் போகுது.”

அவள் எழும்பவில்லை. “இப்ப ஏலாது சேர்.”

“இப்பதான் நல்லாயிருக்குதே! தொட்டிக்குப் பின்னால கிடந்ததை நாங்கள் எவ்வளவு கஷ்டப்பட்டுப் பார்த்து எடுத்தனாங்கள்” என்றார் விருந்தாளியைப் பார்த்து.

நாங்கள். அந்த ஒரு சொல் அவளுக்கு உச்சியில் ஏறியது. எழும்பினாள். சுவரில் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு ஆணியடித்திருந்த வைத்தியரின் கடதாசியைக் காட்டினாள்.

“வாசியுங்கோ சேர்.”

“என்ன?”

“சத்தமாய் வாசியுங்கோ. பிள்ளையும் கேட்கட்டும்.”

விருந்தாளி பார்த்துக்கொண்டு நின்றார். ஞானசேகரம் கண்ணாடியைப் போட்டார். “மாரி காலத்தில் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை நான்கு மணிக்குப் பின்பும் இந்தக் குதிரையை வெளியில் கொண்டுபோகக் கூடாது. கழிவு ஒயில் பூசக் கூடாது.” கடைசி வரியில் அவருடைய குரல் இறங்கியது.

“ஒயிலா?” என்றார் கொழும்பு மனிதர். “ஆர் பூசினது?”

ஞானசேகரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மகள் ரோசாப்பூச் சட்டையைத் தொட்டுப் பார்த்து, “அப்ப நாளைக்குப் பத்து மணிக்கு வரட்டா அன்ரி?” என்று கேட்டாள்.

“வாங்கோ பிள்ளை. வெயிலில அதுக்குக் கடிக்காது.”

அன்னலட்சுமி குனிந்து, இன்னும் ஒரு கொத்து வேப்பிலையை நெருப்பில் வைத்தாள். புகை திரண்டு எழும்பி ஞானசேகரம் நின்ற பக்கமே போனது. அவர் இருமினார், கண்ணைக் கசக்கினார். அவள் அரிசி புடைக்கிற சுளகை எடுத்து, அதே பக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் விசிறினாள்.