எல்லாவற்றுக்கும் ஓம் சொன்ன கணினி

போன வருடக் கோடையில், டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் எங்கள் மகளின் திருமணத்துக்கு முதல் நாள் நடந்தது இது.

மற்றவர்கள் தோட்டம் செய்வார்கள். என் கணவர், வேலையால் வந்தால், ஒரு பழைய மடிக்கணினிக்குச் சொந்தமாக இயங்குதளம் எழுதுவார். அதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. முன்பின் தெரியாத யாரோ ஒருவர் வேறு கணினிகளுக்காக எழுதி இலவசமாக விட்டிருந்த எழுதும் மென்பொருள் ஒன்றை அப்போதுதான் அதில் கொண்டுவந்து குடியேற்றியிருந்தார். தமிழின் கொம்பும் காலும் அந்தந்த இடத்தில் நின்றன. இணையம் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். எதிலும் நிலைகொள்ளாத எனக்கு அது பிடித்துப்போயிற்று.

இங்கே கல்யாண விருந்தின் நடுவே பெற்றோர் எழுந்து பேசுவார்கள். மகளிடம் நேரில் சொல்லாமல் விட்டதையெல்லாம் காலையிலிருந்து எழுதினேன். வெளியே காற்று வேலியை உலுப்பிக்கொண்டிருந்தது. "சேமிக்கப்பட்டது" என்றது திரை. மூடிவிட்டுப் பூக்கட்டப் போனேன்.

பின்னேரம் அச்செடுக்கத் திறந்தால் ஓர் எழுத்தும் இல்லை.

அவர் நெடுநேரம் தேடினார். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னார்:

"அந்த எழுதிற மென்பொருள் ஓடேக்க என்ர சிஸ்டத்திட்ட ஆயிரம் கேள்வி கேக்கும். நான் இன்னும் செய்யாததுகளுக்கெல்லாம் சும்மா ஓம் எண்டு சொல்ல வைச்சனான். இல்லையெண்டா அது திறக்கவே திறக்காது. டிஸ்க்கில எழுதியாச்சோ எண்டு கேட்டதுக்கும் என்ர சிஸ்டம் எழுதாமலே ஓம் எண்டிட்டுது."

"உங்களை மாதிரியே செய்து வைச்சிருக்கிறியள். குப்பை போட்டாச்சோ எண்டால் ஓம், அக்காவுக்கு ஃபோன் எடுத்தாச்சோ எண்டால் ஓம். ஒண்டும் நடந்திராது."

"நீரும் நானும் இங்க வந்த புதுசில என்ன செய்தனாங்கள்? அரசாங்கக் கந்தோர் கந்தோரா ஏறி இறங்கி, டெனிஷ்காரர் கேட்டதுக்கெல்லாம் விளங்காமல் 'யா யா' எண்டுதானே தலையாட்டினனாங்கள்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்ப எழுதப் பார்த்தேன். முதல் வரியே வேறு யாரோ எழுதியதுபோல வந்தது. விட்டுவிட்டேன். விருந்தில் வெறுங்கையோடு எழுந்து, "அம்மா எழுதினதை அப்பான்ர கொம்பியூட்டர் திண்டிட்டுது, பிள்ளை" என்றேன். மகள் அதை டெனிஷில் சொல்ல, மாப்பிள்ளை வீட்டார் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். எழுதியதில் இருந்தவை இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

இலையுதிர்காலத்தில் ஒருநாள் அவர் கூப்பிட்டார். "இஞ்ச ஒருக்கா வாரும்." சேமிக்கச் சொன்னதும் திரையில் ஒரே வரி: "எழுத முடியவில்லை."

"பாத்தீரே? இப்ப உண்மை சொல்லுது!" சோதனை பாஸான பிள்ளையின் முகம் அவருக்கு.

அந்தப் பொய் ஓமின்மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்த நாட்டுக்குள் என்னையும் நடக்கவிட்டது அதுதான். ஆனால் மகள் தொலைபேசியில் "சுகமா இருக்கிறீங்களா அம்மா?" என்று கேட்டால், இப்போதெல்லாம் ஓம் சொல்லுமுன் உள்ளே போய் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன்.