கரட்டில் எங்களுக்கு முன்னால் ஓடியவன்

பேய் பிசாசு என்றால் எனக்குப் பயம் வந்ததில்லை, எரிச்சல்தான் வரும். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. துணியில் ஊசி விட்ட கோடு, எண்ணெய்க் கறை, ஒரு பீஸுக்கும் அடுத்த பீஸுக்கும் நிறத்தில் இருக்கிற மயிரிழை வித்தியாசம், இதையெல்லாம் கண்ணால் பார்த்துப் பிடித்துத்தான் இத்தனை வருடமாகச் சோறு தின்கிறேன். ராத்திரி ஷிப்டில் கட்டிங் பக்கம் யாரோ கொலுசு போட்டுக்கொண்டு நடக்கிறார்கள் என்று ஒருமுறை பெண்கள் வேலைக்கே வர மாட்டோம் என்றார்கள். நான் போய்ப் பார்த்து, எக்ஸாஸ்ட் ஃபேனில் ஒரு நட்டு கழன்று ஆடுவதைக் காட்டிவிட்டு வந்தேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், அதனால் நம்புங்கள் என்று கேட்க மாட்டேன். நம்பச் சொல்லிக் கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போய்விட்டது. கேளுங்கள், அது போதும்.

நாங்கள் மூன்று பேர். பிரகாஷும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச், பிறகு நல்லூரில் ஒரே வீதி. அவன் வீட்டுக்குக் கீழேயே சின்னதாகத் தையல் யூனிட் வைத்திருந்தான். மூன்றாவது ஆள் கார்த்தி. எங்களைவிட ரொம்பச் சின்னவன், அவன் அப்பாவுக்கு நூல் ஏஜென்சி. பிரகாஷுக்குச் சர்க்கரை வந்து டாக்டர் நடக்கச் சொன்னதில் ஆரம்பித்தது எல்லாம். நடை ஓட்டமானது. ரோட்டில் ஓடினால் தூசியும் லாரியும். கார்த்திதான் ஒருநாள் போனில் ஏதோ வீடியோவைக் காட்டி, "ரோடு வேண்டாங்க தங்கவேலண்ணா, ட்ரெயில் ரன் போலாமுங்க, காடு கரட்டுல ஓடறதுங்க" என்றான்.

"ஏன்டா, ஆடு மேய்க்கற எடத்துல ஓடறதுக்கு ஷூ வாங்கோணுமா?" என்று பிரகாஷ் சிரித்தான். சிரித்தவன்தான் எங்கள் மூன்று பேரில் ரொம்பப் பித்தாகிப் போனான். ஞாயிறு விடிவதற்குள் என் வீட்டு கேட்டைத் தட்டுவான்.

ஊத்துக்குளி தாண்டி உள்ளே போனால் ஒரு கரடு இருக்கிறது. பெரிய மலை இல்லை, பாறையும் முள்ளுமாக ஒரு மேடு, அவ்வளவுதான். அடிவாரத்தில் காரை நிறுத்திவிட்டு ஒற்றையடிப் பாதையில் மேலே ஏறுவோம். உச்சியில் ஒரு சப்பைப் பாறை. அங்கே பாதை இரண்டாகப் பிரியும். இடதுபக்கம் இறங்கினால் கைவிட்ட கல்குழி ஓரமாகச் சீக்கிரம் கார் இருக்கிற இடத்துக்கு வந்துவிடலாம். வலதுபக்கம் இறங்கினால் ஆடு மேய்கிற கொறங்காடு, கிளுவை வேலி எல்லாம் சுற்றி அதே இடத்துக்கு வர நேரமாகும். நாங்கள் எப்போதும் இடதுபக்கம்தான். ஒருநாள்கூட வலதுபக்கம் போனதில்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அது ஐப்பசி கடைசி. தீபாவளி முடிந்த வாரம், கம்பெனிகள் எல்லாம் பூட்டு, வேலை செய்கிறவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். நாலு நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நன்றாகவே விடிந்துவிட்டது, ஆனால் கரடு முழுக்க மூடுபனி. பிரகாஷ் போனைக் கார் சீட்டிலேயே போட்டான். "தின்ன பலகாரத்தையெல்லாம் இன்னைக்குக் கரைச்சுப்போடறேன் பாரு" என்றான். அவன் போட்டிருந்தது ஒரு ஆரஞ்சு டிசர்ட். அவன் யூனிட்டில் தைத்த சாம்பிள், நிறம் சரியில்லை என்று நானே ஒதுக்கித் தள்ளியது. ஆரஞ்சும் இல்லாமல் செங்கல்லும் இல்லாமல் ஒரு நிறம். என்னைக் கடுப்பேற்றுவதற்கென்றே அதைப் போட்டுக்கொண்டு வருவான். அந்தச் சாயம் ஒரே ஒருமுறைதான் போட்டது, அப்புறம் யாரும் போடவில்லை. அந்த நிறத்தை நான் எங்கே பார்த்தாலும் சொல்லிவிடுவேன்.

கார்த்தி ஷூவை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தான், நான் அவனுக்காக நின்றேன். பிரகாஷ், "நான் முன்னால போறேன், வாங்க" என்று ஏற ஆரம்பித்துவிட்டான். நாங்கள் கிளம்பும்போது அவன் பனியில் மறைந்திருந்தான். அதிலொன்றும் அதிசயம் இல்லை, அவன் மெதுவாகத்தான் ஓடுவான், பாதி ஏற்றத்தில் பிடித்துவிடலாம் என்று நினைத்தோம். பிடிக்க முடியவில்லை. உச்சிப் பாறைக்கு வந்தபோதுதான் பார்த்தோம், கல்லெறி தூரத்தில் அந்த ஆரஞ்சு முதுகு, வலதுபக்கப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"பிரகாசண்ணா, அந்தப் பக்கம் எங்கீங்க போறீங்க?" என்று கார்த்தி கத்தினான். இதைக் கார்த்திதான் கத்தினான், நான் இல்லை. முன்னால் போனவன் திரும்பவில்லை. வலது கையை மட்டும் தூக்கி, வாங்க என்கிற மாதிரி ஒரு அசைப்பு. சரி, இன்றைக்கு அவனுக்கு உற்சாகம் போல என்று பின்னாலேயே இறங்கினோம்.

அது வேறு யாராவது ஓடுகிறவராக இருக்கும் என்பீர்கள். எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். பத்தாவது படிக்கும்போது கபடியில் பிரகாஷுக்கு இடது கை முறிந்தது. சேர்த்துக் கட்டியது கொஞ்சம் கோணலாகிவிட்டது. ஓடும்போது அந்த முழங்கை மட்டும் கோழி இறக்கையை விரித்த மாதிரி வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். அதே முழங்கை. அதே டிசர்ட். முதுகில் வியர்வை கோத்த இடம்கூட எனக்குத் தெரிந்தது. ஒன்றுதான் உறுத்தியது. நாங்கள் வேகமாக ஓடினாலும் அதே தூரம், மூச்சு வாங்கி நடந்தாலும் அதே தூரம். ஈரச் சரளையில் எங்கள் ஷூ நறநறவென்று சத்தம் போட்டது, முன்னாலிருந்து சத்தமே இல்லை. பனியில் சத்தம் அமுங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கொறங்காட்டு வேலியில் ஒரு கடவு இருக்கும், ஆள் குனிந்து நுழைகிற சந்து. அதன் ஓரத்தில் ஒரு அம்மா, சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஆடு பார்த்துக்கொண்டிருந்தார். அவன் அந்தக் கடவில் நுழைவதை நான் பார்த்தேன். நாங்களும் நுழைந்தோம். அதற்குப் பிறகு பாதை வளைந்து கார் இருக்கிற இடத்துக்கு வருகிறது. அங்கே வந்தால் ஆள் இல்லை. கார் பூட்டியபடி இருக்கிறது, சீட்டில் அவன் போன்.

விளையாடுகிறான் என்று கொஞ்ச நேரம் நின்றோம். கூப்பிட்டோம். எங்கேயாவது ஒதுங்கியிருப்பான் என்று வந்த வழியிலேயே திரும்பிப் போனோம். வந்த வழி என்றால் வலதுபக்கம். அவனை அங்கேதானே பார்த்தோம், அங்கேதானே தேடுவோம், நீங்களாக இருந்தாலும் அதைத்தானே செய்வீர்கள்? கடவில் அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"ஏனுங்கம்மா, எங்களுக்கு முன்னால ஆரஞ்சு சட்டையில ஒருத்தர் போனாருங்களே, திரும்பி வந்தாருங்களா?"

அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "முன்னால ஆரு சாமி போனாங்க? நீங்க ரண்டு பேருந்தான வந்தீங்க."

"இல்லீங்க, எங்களுக்கு முன்னால."

"நா விடியறதுக்கு முந்தியே வந்து இங்கதான் சாமி உக்காந்திருக்கறேன். நீங்க ரண்டு பேருந்தான்."

கார்த்தி முகத்தைப் பார்த்தேன், அவன் உதடு வெளுத்திருந்தது. உச்சிக்கு ஓடினோம். உச்சியிலிருந்து, முதல்முறையாக அன்றைக்கு, இடதுபக்கம் இறங்கினோம்.

ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை. கல்குழிக்கு முந்தின திருப்பத்தில், பாதையிலேயே, ஒருக்களித்துக் கிடந்தான். மாரடைப்பு. அவனைச் சுற்றி ஈர மண்ணைக் கால் கையால் பறித்த தடம் இருந்தது. உடம்பில் இன்னும் சூடு இருந்தது. நானும் கார்த்தியும் தூக்கிக்கொண்டு வந்து காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பார்த்துவிட்டு, விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் உயிர் இருந்திருக்கும், உடனே கொண்டுவந்திருந்தால் ஒருவேளை காப்பாற்றியிருக்கலாம் என்றார். அதை அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பிரகாஷின் மனைவி சுமதி அப்போதுதான் உள்ளே வந்தாள், கேட்டுவிட்டாள்.

சுமதி அழவில்லை. என்னைப் பார்த்து, "மூணு பேரு போனீங்க. அவர உட்டுட்டு ரண்டு பேரு எப்படீங்கண்ணா கீழ வந்தீங்க?" என்றாள்.

நான் உண்மையைச் சொன்னேன். வேறு எதைச் சொல்வது? அவன் முன்னால் ஓடினான், நாங்கள் பின்னால் போனோம், ஆரஞ்சு டிசர்ட், முழங்கை, எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். அவள் அண்ணன் என் சட்டைக் காலரைப் பிடித்தார். "செத்துக் கெடக்கறான், அவனப் போயிப் பேயாக்கித் தப்பிக்கப் பாக்கறீங்களா?" என்றார். நான் கார்த்தியைக் காட்டினேன். "அவனையே கேளுங்க, அவனுந்தான் பார்த்தான்."

கார்த்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நான் ஒண்ணும் பாக்கலீங்க. பனியா இருந்துச்சுங்க. தங்கவேலண்ணன்தான் இன்னைக்கு இந்தப் பக்கம் எறங்கலாம்னு சொன்னாங்க, நான் அவங்க பின்னால போனேனுங்க."

அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் முடிந்தது. சிநேகிதனைக் கரட்டில் விட்டுவிட்டு சொகுசாக வேறு பாதையில் சுற்றி வந்தவன் என்று ஆகிவிட்டது. இழவுக்குப் போனேன், என் கையில் யாரும் தண்ணீர் டம்ளர்கூடக் கொடுக்கவில்லை. ஒரே வீதி. சுமதி காலையில் கோலம் போடுவாள், நான் வண்டியை எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். கதவைச் சாத்துகிற சத்தம் எனக்குக் கேட்கிற மாதிரி சாத்துவாள். என் வீட்டிலேயே என் மனைவி, "அந்தக் கதைய இனி ஆருகிட்டயும் சொல்லாதீங்க. தெரியாம நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டா முடிஞ்சுபோயிருமுங்க" என்கிறாள். செய்யாத தப்புக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? நான் அவனை விட்டுவிட்டு வரவில்லை. அவன் பின்னால் போனேன். என் நண்பன் பின்னால் போனேன், அது தப்பா?

இதில் என்னை அரித்துத் தின்பது ஊர்ப் பேச்சுகூட இல்லை. சாகப்போகிறவன் தன் நண்பர்களுக்குக் காட்சி கொடுத்தான் என்று கதை கேட்டிருக்கிறேன். அப்படிக் காட்சி கொடுத்தது பிரகாஷ் என்றால், எங்களைத் தன்னிடம் அல்லவா கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும்? அவன் மண்ணைப் பறித்துக்கொண்டு கிடக்கிறான். நாங்கள் வழக்கம்போல இடதுபக்கம் இறங்கியிருந்தால் அவன் மேல் இடறியிருப்போம். எங்களை அந்தப் பக்கம் விடாமல், கையை அசைத்து, நிதானமாக, சுற்றுவழியில் கூட்டிக்கொண்டு போய்க் காரிடம் விட்டது எது? பிரகாஷ் எனக்கு அப்படிச் செய்ய மாட்டான். இதை யாரிடம் போய்ச் சொல்வது? முதல் பாதியையே நம்பாதவர்களிடம் இந்த இரண்டாம் பாதியை எப்படிச் சொல்வது?

அதன்பிறகு நான் ஓடுவதில்லை. கார்த்தியும் என்னைப் பார்த்தால் வண்டியைத் திருப்பிக்கொள்வான். மூன்று வருடம் கழித்து, போன மாதம், தாராபுரத்தில் ஒரு கல்யாணத்தில் மாட்டிக்கொண்டான். பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் பக்கத்துப் பக்கத்துக் குழாய்.

"கார்த்தி, நீ யாருகிட்டயும் எனக்காகப் பேச வேண்டாம். பாத்தியா இல்லியா, அத மட்டும் எங்கிட்டச் சொல்லிப்போடு" என்றேன்.

குழாயை மூடாமலே நின்றான். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு ரொம்பத் தணிந்த குரலில், "உங்களுக்கு முதுகு மட்டுந்தான் தெரிஞ்சுதுங்களாண்ணா?" என்றான்.

"ஆமா."

"நடுவுல ஒருக்கா ஷூவுல கல்லுப் பூந்திருச்சுன்னு நீங்க குனிஞ்சீங்கல்லங்க?"

குனிந்தேன். அப்போதுதான் எனக்கே ஞாபகம் வந்தது.

"அப்பத் திரும்பிப் பாத்துச்சுங்கண்ணா."

அதற்குள் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள், ஈரக் கையோடு போய்விட்டான். நான் அங்கேயே நின்றேன். என்னுடன் சேர்ந்து ஓடிய அத்தனை நாளில் பிரகாஷை அண்ணன் என்று சொல்லாமல் கார்த்தி பேசியதில்லை. பாத்தாங்க, வந்தாங்க, சொன்னாங்க, அப்படித்தான் அவன் வாயில் வரும். பாத்தாங்க என்று அவன் சொல்லவில்லை. பாத்துச்சு என்றான்.